சீஸ் சாண்ட்விச்: தீயையும் அளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் சமையல் பகுதிகளில் சீஸ் சாண்ட்விச் குறிப்பு அடிக்கடி வருகிறது. 'வெண்ணெய் தடவி, சீஸ் வைத்து, பொன்னிறமாக வாட்டவும்' என்பதோடு முடிந்தும்விடுகிறது. எவ்வளவு சீஸ், எந்தத் தீ, எத்தனை நிமிடம் என்று சொல்வதில்லை. வீட்டில் செய்து பார்ப்பவருக்கு பிரெட் கருகுகிறது, சீஸ் கட்டியாகவே கிடக்கிறது.

காரணம் தீதான். கடை பிரெட்டில் சர்க்கரை உண்டு, வெண்ணெயில் பால் திடப்பொருள் உண்டு. இரண்டும் சீக்கிரம் சிவக்கும். பிரெட்டுக்குள் காற்று நிறைந்திருப்பதால் சூடு உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். எனவே கனமான தோசைக்கல்லைச் சின்ன பர்னரில் 2 நிமிடம் காயவைத்து, சிம்முக்குக் குறைத்த பிறகே சாண்ட்விச்சை வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் மெல்லச் 'சுர்' என வேண்டும்; முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் மிஞ்சிக் காய்ந்துவிட்டது.

இரண்டு துண்டு பிரெட்டுக்கு 50 கிராம் சீஸ் சரியாக இருக்கும். மொசரெல்லா இழுபடும், ருசி குறைவு. செடாரில் ருசி உண்டு, அவ்வளவாக இழுபடாது. 30 கிராம் செடாரும் 20 கிராம் மொசரெல்லாவும் கலந்தால் இரண்டும் கிடைக்கும். செடார் இல்லையென்றால் பிராசஸ்டு சீஸ் போடலாம். அதில் உப்பு அதிகம் என்பதால் உப்பில்லாத வெண்ணெய் நல்லது. பாக்கெட்டில் பாமாயில், தாவர எண்ணெய் என்றிருந்தால் வாங்காதீர்கள், அது சீஸ் கணக்கில் வராது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் துருவி, 15 நிமிடம் வெளியே வைத்தால் சீராக உருகும்.

வெண்ணெயைக் கல்லில் போடக்கூடாது, பிரெட்டின் வெளிப்பக்கத்தில் ஓரம் வரை தடவ வேண்டும். ஒரு சாண்ட்விச்சுக்கு 10 கிராம். அதில் பாதி நெய்யாக இருந்தால் கருகும் பயம் குறையும்.

முதல் பக்கத்துக்கு மூடி போட்டு 3 நிமிடம். திருப்பியபின் மூடி வேண்டாம், 2 அல்லது 3 நிமிடம் போதும். கடைசிவரை மூடினால் ஆவி மூடியில் கோர்த்துச் சொட்டும், பிரெட் நமுத்துவிடும்.

சட்னி சேர்ப்பவர்கள் மல்லி, புதினா, பச்சைமிளகாயைத் தண்ணீர் விடாமல் அரைத்து, சீஸுக்கு நடுவே ஒரு டீஸ்பூன் வைக்கட்டும். பிரெட்டில் நேராகத் தடவினால் ஊறிப்போகும். தக்காளியென்றால் விதையையும் சாறையும் நீக்கித் துணியால் ஒற்ற வேண்டும். இட்லிப் பொடி அருமையாகச் சேரும். அரை டீஸ்பூன், உள்ளே மட்டும். வெளியே தூவினால் மிளகாய் கருகிக் கசக்கும். பூண்டும் அப்படித்தான், வாட்டி எடுத்தபின் வெட்டிய பல்லைச் சூடான பிரெட்டில் தேய்த்தாலே மணம் ஏறிவிடும்.

இறக்கியதும் தட்டில் வைக்காமல் கம்பி வலைத்தட்டில் ஒரு நிமிடம் வைத்து வெட்டுங்கள். சென்னையின் ஈரக்காற்றில், தட்டில் படும் பக்கம் சட்டென்று வியர்த்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை