குழுவுக்குப் போகாத மசோதாக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்ற முடக்கம் பற்றிய சென்ற வாரத் தலையங்கம் படித்தேன். அவை எத்தனை மணி நேரம் நடந்தது என்ற கணக்கு முக்கியம்தான். ஆனால் ஒரு சட்டம் நல்ல சட்டமாக வருமா என்பது பெரும்பாலும் டிவியில் தெரியாத நிலைக்குழு அறையில்தான், அதாவது பல கட்சி எம்.பி.க்களும் உட்கார்ந்து மசோதாவை ஆராயும் இடத்தில்தான் முடிவாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கதையைப் பார்த்தாலே இது விளங்கும்.

2004 டிசம்பரில் மக்களவைக்கு வந்த மசோதா மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. பட்டா, ரேஷன், பஞ்சாயத்து, அரசு மருத்துவமனை என்று நாம் அன்றாடம் ஏறி இறங்கும் இடமெல்லாம் மாநிலத்தின் கையில்தானே இருக்கிறது? மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் நம் தமிழ்நாட்டு எம்.பி. சுதர்சன நாச்சியப்பன். இந்த உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்களின் வாதங்களும் அங்கே வைக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு 2005 மே மாதம் நிறைவேறியபோது மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் சட்டத்துக்குள் வந்திருந்தன. காரணமில்லாமல் தகவலை இழுத்தடிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதமும் இருந்தது. இவ்வளவுக்கும் ஆனது ஐந்து மாதம்தான். குழுவுக்கு அனுப்பினால் காலம் கடந்துவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் அருமையை நேரில் கண்டவன் நான். நூறு நாள் வேலைக்கு வராதவர்கள் பெயரிலும் கூலி எழுதப்படுவதாக எங்கள் ஊரில் பேச்சு கிளம்பியது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டோம். வருகைப் பதிவேட்டின் நகல் வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்தோம். திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டவர்களின் பெயர்களும் அதில் இருந்தன.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. 2019-இல் இதே சட்டத்தைத் திருத்தி, தகவல் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே முடிவு செய்யலாம் என்றாக்கினார்கள். மக்களவையில் ஜூலை 22, மாநிலங்களவையில் ஜூலை 25. ஒரு மசோதாவை ஆராயவென்றே அமைக்கப்படும் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கை மாநிலங்களவையில் 117-க்கு 75 என்று தோற்றது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா ஆகஸ்ட் 3 அன்று அறிமுகமாகி, 9-ஆம் தேதிக்குள் இரு அவைகளையும் தாண்டிவிட்டது. தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் கருதித் தரலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் இருந்த வாசகத்தை அது எடுத்துவிட்டது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் போயிற்று. பொதுநலனுக்கு வேறொரு உட்பிரிவு இருக்கிறதே என்கிறது அரசு. சரி, இருக்கிறது. ஆனால் பெயர்ப் பட்டியல் கேட்கும் மனுவை ‘தனிநபர் தகவல்’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவது இனி எவ்வளவு சுலபம்!

1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். ஆகவே விவாதம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. நிலைக்குழுவில் கொறடா உத்தரவு கிடையாது. ஆளுங்கட்சி உறுப்பினரும் அங்கே மனம் விட்டுக் கேள்வி கேட்கலாம். அந்தக் கதவைத்தான் மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டு வருகிறார்கள். 15-ஆவது மக்களவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் 16 சதவீதம்.

டெல்லியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். தொழிற்சங்கங்களை முன்கூட்டியே ஒரு குழு கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இத்தனை கொந்தளிப்பு வந்திருக்குமா?

மசோதா அறிமுகமானதும் தானாகவே குழுவுக்குப் போக வேண்டும், விலக்கு வேண்டுமென்றால் அரசு காரணத்தை எழுத்தில் அவையின் முன் வைக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். கேரளச் சட்டப்பேரவையில் துறைவாரிக் குழுக்கள் மசோதாக்களைப் பார்க்கின்றன. அந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் எந்தெந்த மசோதா குழுவுக்குப் போனது, எது போகவில்லை என்ற பட்டியலைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி