கூழ் எங்கே கிடைக்கும் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பியது வந்து நாலு நாளாகிறது. தம்பியின் மகன் வாசித்துக் காட்டினான். பிறகு நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு மூன்று தரம் வாசித்தேன். ஆகஸ்டில் நாங்கள் இலங்கைக்கு வருகிறோம், பத்து நாள் சுற்றப்போகிறோம், ஊர்ச் சாப்பாடுகளைத் தேடிச் சாப்பிட வேண்டும், எங்கே என்ன நல்லது என்று எழுதுங்கோ அம்மா என்று கேட்டிருந்தாய். கைபேசியில் தட்டி எழுத எனக்கு வராது. தாளில் எழுதுகிறேன், அவன் படம் பிடித்து அனுப்புவான்.

தெற்கே மாத்தறைப் பக்கம் போனால் அம்புல் தியல் சாப்பிடு. கொறுக்காய்ப் புளியை அரைத்து மீன் துண்டுகளில் பூசி, தண்ணீர் வற்றும்வரை சட்டியில் வேகவிடுவார்கள். கறுத்துக் காய்ந்து கிடக்கும், பார்க்க வடிவில்லை. ஆனால் குளிர்பெட்டி இல்லாமலே சில நாள் கெடாது. அப்பா காலியில் வேலை பார்த்த காலத்தில் வாழையிலையில் சுற்றிக் கொண்டு வருவார், நீ கைப்பிள்ளை. கொழும்பில் லம்பிரைஸ் கேள். அது பறங்கியர் வீட்டுச் சாப்பாடு. சோறும் கறியும் கத்தரிக்காய் மொஜுவும் ஒன்றாக வாழையிலையில் பொதிந்து ஓவன் அடுப்பில் வைத்து எடுப்பது. மட்டக்களப்புக்குப் போனால் சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி. வட்டிலப்பம் என்றால் முஸ்லிம் வீடுகளில் செய்வதுதான். கடையில் சாப்பிட்டுவிட்டு அதைப்பற்றி ஒன்றும் சொல்லாதே.

இனி எங்கட யாழ்ப்பாணப் பக்கம். நீ வரும் நேரம் பனம்பழம் விழத் தொடங்கியிருக்கும். பணியாரம் சுட்டு வைப்பேன். முருங்கையிலை போட்ட நண்டுக் கறி, பிட்டு, சொதி எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். வருசா வருசம் நான் அனுப்பும் கறித்தூளில் நீயே வைக்கிறாய். உன் கையால் சாப்பிட்டவர்கள் தூள் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்களாம், சின்ன மாமி சொன்னா. எனக்குச் சந்தோசம். அதை நீயே சொல்லியிருக்கலாம்.

நீ எழுதியதில் முதலாவதாய் இருந்தது ஒடியல் கூழ். யாழ்ப்பாணத்தில் எந்த ஹோட்டலில் நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய்.

மகள், ஹோட்டலில் கூழ் குடியாதே. ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்குதானே, அந்த மாவில் கசப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை மெதுவாக வடிக்க வேண்டும், திரும்பவும் தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பானை கூழும் கைத்துப்போகும். நண்டு, இறால், மீன் தலை, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி எல்லாம் வெந்த பிறகுதான் கரைத்த மாவும், புளியில் கரைத்த செத்தல்மிளகாய்க் கூட்டும். அதுக்குப் பிறகு அகப்பையைக் கீழே வைக்கக் கூடாது. நாலு மேசைக்கு ஓடுகிற ஆட்களுக்கு அந்தப் பொறுமை ஏது? ஹோட்டல் கூழ் வேண்டாம்.

எங்கே தங்கப்போகிறீர்கள் என்று நீ எழுதவில்லை. அறை எடுத்துவிட்டாய் என்றால் சரி, வசதியைப் பார்க்கத்தான் வேண்டும். இங்கே முன்னறையில் இப்போது புது மின்விசிறி போட்டிருக்கிறது. குளியலறையும் உள்ளே கட்டியாயிற்று. சும்மா சொல்கிறேன்.

நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் 25 நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, உனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாளிலேயே வருகிறாய். மறந்துவிட்டாயா, அல்லது வீட்டில் சாப்பிடுவதாகவே நினைக்கவில்லையா? இதைக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நீ கூழ் குடித்து எத்தனை வருசம் என்று எனக்குக் கணக்குத் தெரியும். 1995 ஐப்பசி, சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தோமே, அதுக்குப் பிறகு கொடிகாமத்தில் இருந்தபோது. நல்ல மழை. யாரோ கொஞ்ச நண்டு தந்தார்கள். கல்லு மூன்று வைத்துக் கூழ் காய்ச்சினேன். பனையோலையில் கோலிய பிளாவில் நீ ஒரு தரம் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாய். முடிந்துவிட்டது, பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று சொன்னேன். முடியவில்லை மகள். அடியில் தடிப்பாய், நண்டுக் காலோடு, அண்ணாவுக்கென்று மூடி வைத்திருந்தேன். அவன் வந்து குடித்தபோது நீ கப்புத் தூணோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு சொல் சொல்லவில்லை. மழைத்தண்ணீரில் உன் பிளாவைக் கழுவி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். ஓலைப் பிளாவை யாராவது கழுவுவார்களா?

அதுக்குப் பிறகு எப்போது காய்ச்சினாலும் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்பாய். நானும் நம்பியது மாதிரி இருந்தேன். அண்ணாவுக்குக் கூழ் வார்க்க எனக்கு அதிக வருசம் கிடைக்கவில்லை, அது வேறு கதை. அதைச் சொல்லி நான் செய்ததைச் சரியாக்க வரவில்லை. உனக்குப் பசித்தது, எனக்குத் தெரியும், இல்லையென்று சொன்னேன்.

இப்போது நீயே கூழ் கேட்கிறாய். கடையில் கேட்கிறாய்.

இந்த மாசியில் காயவைத்த ஒடியல் இருக்கிறது. இடித்து அரித்துப் போத்தலில் போட்டிருக்கிறேன். கொடி ஏறினால் ஏறட்டும். பின்வளவில் வேலியோரம் தனி அடுப்பு மூட்டி, புதுச் சட்டியில் காய்ச்சுவேன், குசினிக்குள் கொண்டுபோக மாட்டேன். நான் குடிக்க மாட்டேன், நீ குடிக்கலாம். நல்லூரானோடு நான் கதைத்துக்கொள்கிறேன். தம்பியின் மனுசி முகத்தைச் சுழிப்பாள், அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹோட்டலில் மட்டும் குடியாதே. மாவை வடிக்க மாட்டார்கள்.

நாங்கள் வருகிறோம் என்று எழுதியிருந்தாய். யார் யார் என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் சரி. குருத்தோலைக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். எத்தனை பிளா கோல வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா