அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணா

அண்ணா,

எண்ணெய் ஆலைகளின் புகையும் அம்மாவின் இழுப்பும் பற்றி நீ எழுதி அனுப்பிய வாக்குமூலத்தைப் படித்தேன். கையெழுத்துப் போடப்போவதில்லை. போனில் சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உனக்கும் தெரியும், அதனால் எழுதுகிறேன். டர்பனில் நம் மெர்பாங்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றைப் பற்றி நீ சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தோம். செட்லர்ஸ் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. கந்தக டை ஆக்சைடு மூச்சுக்குழாயைச் சுருக்கும், அதில் பேச்சே இல்லை. இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எந்த வக்கீலாவது 'வீட்டிலேயே ஒத்துக்கொண்டார்கள்' என்று வந்தால் அவரோடு சண்டைக்கு நானே முதலில் வருவேன்.

ஆனால் அம்மாவின் இழுப்புக்கு "புகையைத் தவிர வேறு காரணம் கிடையாது" என்று எழுதியிருக்கிறாயே, அது உண்மையில்லை.

புரட்டாசி முடிந்து வீட்டில் ஆட்டுக்கறி சமைத்த அந்த ராத்திரி. நீ கூட்டம் முடிந்து வரப் பத்தரை ஆனது. நீ சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா சட்டியில் மிச்சமிருந்த காரக் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள், கையைக் கழுவினாள், படுத்தாள். ஒரு மணி வாக்கில் இழுக்க ஆரம்பித்தது. நீ ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாய். அழுகிய முட்டை நாற்றம் என்றாய், இருந்தது உண்மைதான். நோட்டை எடுத்து நேரம், காற்று வந்த திசை எல்லாம் எழுதிவிட்டு நகராட்சிக்குப் போன் போட்டாய். நான் இன்ஹேலர் பம்பை அவள் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். மூச்சுக்கு மூச்சு நடுவே அவள் சொன்னாள்: "புளிச்ச தண்ணி தொண்டைக்கு வந்துச்சு, அப்புறந்தான் அடைச்சுது." நீ பக்கத்தில்தான் நின்றாய். அது நோட்டில் ஏறவில்லை.

அப்புறம் அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் காருக்கு ஓடினாய். சரளைக்கல் குத்தி உன் கால் ரத்தமாக இருந்ததை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். உன்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அந்தக் கால் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அது எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது.

ரொம்ப நாள் கழித்து ஒரு இளம் டாக்டர்தான் அம்மாவிடம் எதுக்களிப்பு பற்றிக் கேட்டார். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் ஒரே வேகஸ் நரம்பின் கிளைகள்தான் போகின்றனவாம். வயிற்று அமிலம் உணவுக்குழாயின் அடியில் பட்டாலே மூச்சுக்குழாய் இறுகலாம், தொண்டைவரை ஏறவேண்டும் என்றுகூட இல்லை. ஏறினால் துளித்துளியாக நுரையீரலுக்குள்ளும் இறங்கலாம். இழுப்பு வந்து நெஞ்சு திணறும்போது அமிலம் இன்னும் மேலே வரும். நீ மாதம் தவறாமல் வாங்கி வந்த தியோஃபிலின் மாத்திரை, மூச்சுக்குழாயை விரிக்கும்போதே இரைப்பையின் மேல்வாய்த் தசையையும் தளர்த்திவிடுமாம். அதற்கு நீ என்ன செய்வாய்? அது உன்னைக் குத்திக்காட்ட எழுதியதில்லை.

கட்டிலின் தலைமாட்டைச் செங்கல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொன்னார். உன்னிடம் சொன்னபோது, "ஆலைக்காரன் சொல்லிக்கொடுத்தானா?" என்று கேட்டாய். அண்ணி முன்னால் கேட்டாய். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

உன் பக்கத்து நியாயத்தையும் தேடிப் படித்துவிட்டேன். 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்துமா கட்டுக்குள் வராத 400-க்கும் மேற்பட்டவர்களை எடுத்து, ஒரு பாதிக்கு அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோலும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 24 வாரம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், ஆஸ்துமா குறையவில்லை. ஆனால் அவர்களுக்கு நெஞ்செரிச்சல் அவ்வளவாக இல்லை. அம்மாவுக்கு இருந்தது. செங்கல் வைத்து, அமிலத்துக்கான மாத்திரையும் ஆரம்பித்த பிறகு ராத்திரி இழுப்பு குறைந்தது. பகல் இழுப்பு அப்படியேதான் இருந்தது, அதை உன் நோட்டில் எழுதிக்கொள். 2020 டிசம்பரில் ஓர் ஆலை தீப்பிடித்து நின்றது, 2022-இல் மற்றதும் சுத்திகரிப்பை நிறுத்தியது. அதற்கு அப்புறமும் லேட்டாகச் சாப்பிட்ட ராத்திரிகளில் அவளுக்கு இழுத்தது. நுரையீரல் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்பாய். இருக்கலாம். இரண்டும் சேர்ந்துதான் அவளைப் படுத்தியது என்று எழுதினால் உன் போராட்டம் குறைந்தா போய்விடும்?

அவள் ஏன் லேட்டாகச் சாப்பிட்டாள் என்பதைத்தான் நீ கேட்கவே இல்லை. டாக்டர் சொன்ன பிறகும், "பையன் வரட்டும்" என்று தட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். உனக்குப் பத்து மணிவரை கூட்டம். நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். ஊருக்கே சுத்தமான காற்று கேட்கப் போன பிள்ளைக்காகக் காத்திருப்பதில் அவளுக்குப் பெருமை. உன் கூட்டங்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளாவது போன் பண்ணி, "நீ சாப்பிட்டுப் படும்மா" என்று சொல்லியிருக்கலாம்.

உனக்கும் இப்போது ராத்திரியில் வறட்டிருமல் என்று அண்ணி சொன்னார். போய்க் காட்டு. நெஞ்சு கரிக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல், புகையை மட்டும் சொல்லாதே.

வாக்குமூலத்தில் அந்த ஒரு வரியை மாற்றினால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். தலைத்திவசச் சாப்பாடு மதியம் பன்னிரண்டு மணிக்கு. கூட்டம் இருந்தால் தள்ளி வை. உனக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தங்கை