ஃபைஃப் ஆட்கள் கோழைகள் இல்லை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

1640-களின் உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லஸுக்கு எதிராக நின்ற, ஸ்காட்லாந்தின் ஃபைஃப் மாவட்டத்துப் படைகள் பற்றிய உன் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "ஃபைஃப் படை என்றாலே புறமுதுகுதான்" என்ற வரியை மட்டும் எடுத்துவிடு. அந்த மனிதர்களுக்கு அது அநியாயம்.

1644 ஜூலை 2, இங்கிலாந்தில் யார்க் அருகே மார்ஸ்டன் மூர் போர்க்களம். தோற்றுவிட்டோம் என்று எண்ணி ஸ்காட்டியத் தளபதி லெவன் பிரபுவே களத்தை விட்டுப் போய்விட்டார். அப்போதும் இரண்டு காலாட்படை ரெஜிமென்ட்கள் நகரவில்லை. ஒன்று மெய்ட்லண்டுடையது. மற்றது கிராஃபர்ட்-லிண்ட்சேயுடையது, ஃபைஃபில் திரட்டியது. மன்னர் தரப்பின் சார்லஸ் லூகாஸ் நடத்திய குதிரைப்படை திரும்பத் திரும்ப மோதியும் தாங்கி நின்று, லூகாஸையே சிறைபிடித்தார்கள்.

இரண்டே மாதம் கழித்து, செப்டம்பர் 1, ஸ்காட்லாந்தில் பெர்த்துக்கு மேற்கே திப்பர்மூர். மன்னரை எதிர்த்த படைக்குத் தலைமை தாங்கிய எல்கோ பிரபுவின் பக்கம் ஆள் பலம், குதிரைகள், பீரங்கிகள் எல்லாம் இருந்தும் ஃபைஃப் ஆட்கள் சிதறி ஓடினார்கள்.

ஊர் ஒன்று, மதம் ஒன்று, ஆள் எடுத்த முறையும் ஒன்றுதான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு போர்க்குழு. திருச்சபை வட்டம் வட்டமாக 16 முதல் 60 வயது வரை உள்ள ஆண்களுக்குப் பட்டியல். அதிலிருந்து கேட்ட எண்ணிக்கைக்கு ஆள். பட்டியல் போடுவதில் போதகருக்கும் மூப்பருக்கும் பங்கு உண்டு. ஊரில் எல்லாரையும் தெரிந்தவர்கள் அவர்கள், ஒளிந்துகொள்வது எளிதல்ல.

வேறுபட்டது காலமும் அதிகாரிகளும். லிண்ட்சேயின் ஆட்கள் ஜனவரியில் எல்லையிலுள்ள ட்வீட் நதியைக் கடந்து இங்கிலாந்துக்குள் போனவர்கள். ஆறு மாதம் ஒன்றாக நடந்து, யார்க் முற்றுகையிலும் இருந்தவர்கள். அந்தப் படையில் கர்னல் பதவி உள்ளூர்ப் பிரபுவுக்கு. அவருக்குக் கீழே லெப்டினன்ட் கர்னலும் மேஜரும் பெரும்பாலும் ஸ்வீடன், டச்சுப் படைகளில் பழகியவர்கள். ஆட்களைப் பழக்கியது அவர்கள்தான்.

குதிரை பாய்ந்து வரும்போது ஈட்டிக்காரன் செய்ய வேண்டியதைப் பார். நெடிய ஈட்டியின் அடியை வலது பாதத்தின் உட்புறத்தில் அணைத்து ஊன்ற வேண்டும். இடது முழங்காலை மடக்கி, முனையைக் குதிரையின் மார்புக்கு நேராகச் சாய்த்து, வலது கையில் வாளை உருவ வேண்டும். ஒருவன் பின்வாங்கினால் அந்த இடைவெளியில் குதிரை புகுந்துவிடும். பக்கத்தில் நிற்பவன் அசையமாட்டான் என்ற நம்பிக்கை ஒரு வாரத்தில் வராது.

திப்பர்மூரில் நின்றவர்கள் அவசரமாகக் கூட்டப்பட்டவர்கள். எல்கோ முதலில் ஒரு சிறு முன்னணியை அனுப்பினார். அது அடிபட்டுத் திரும்பி, சொந்த வரிசைக்குள்ளேயே புகுந்து குலைத்தது. எதிரே மன்னர் தரப்புத் தளபதி மான்ட்ரோஸிடம் வெடிமருந்து மிகக் குறைவு. அதனால் அயர்லாந்துத் துப்பாக்கிக்காரர்களை மூன்றே வரிசையாக நிறுத்தி, மூன்றும் ஒரே நேரத்தில் சுடவைத்தார். புகை கலைவதற்குள் ஓடிவந்து கைக்குக் கை. திரித் துப்பாக்கியை மறுபடி நிரப்பவே நேரமில்லை. பழகாத ஆள் அங்கே என்ன செய்வான்?

1645 ஆகஸ்ட் 15, ஸ்காட்லாந்தின் கில்சைத்தில் மறுபடி மான்ட்ரோஸுக்கு எதிரேயும் இதே கதைதான், இன்னும் கொடுமையாக. ஃபைஃப் ஆட்களின் தளபதி பெய்லி வேண்டாம் என்றும், படையோடு வந்த, ஆர்கைல் பிரபு இருந்த மேற்பார்வைக் குழு படையை எதிரியின் கண்ணெதிரே குறுக்காக நகர்த்தச் சொன்னது. புதிதாகத் திரட்டி வந்த ஃபைஃப் ரெஜிமென்ட்கள் மூன்று. வரிசை உடைந்ததும் ஓடியவர்களைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள்.

ஆகவே அந்த வரி இருக்குமிடத்தில், ஒவ்வொரு ரெஜிமென்டும் எந்த மாதம் திரட்டப்பட்டது, அதன் மேஜர் எங்கே பழகியவர் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்