அதிவேகம் என்று தங்களிடம் சொன்னது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறுப்பு தானம் செய்த இளைஞரின் உடலுக்கு அரசு மரியாதை நடந்த செய்தி இம்மாத முதல் வாரம் தங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்தது. அந்த இளைஞன் என் அக்கா மகன். வயது 22. செய்தியின் கடைசி வரி: ‘அதிவேகமாக பைக் ஓட்டியதே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது.’

கூறியது யார், ஐயா? இரவில் விளக்கு போடாமல் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் மோதினான். ஹெல்மெட் போட்டிருந்தான். வழக்கு லாரி ஓட்டுநர் மீது பதிவாகியிருக்கிறது. காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே.

திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயதுப் பையன். பெற்றோர் இருவரும் டாக்டர்கள். சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி அவன் இதயத்தை முகப்பேருக்குக் கொண்டுபோனதைப் பத்திரிகைகள் எழுதித்தான் எங்களைப் போன்றவர்களுக்கு உறுப்பு தானம் என்றால் என்னவென்று புரிந்தது. அந்தப் பிள்ளையை எவ்வளவு மரியாதையாக எழுதினீர்கள்!

மூளைச்சாவை ஒரே பரிசோதனையில் முடிவு செய்வதில்லை. ஆறு மணி நேரம் விட்டு மறுபடியும் பார்த்துத்தான் டாக்டர்கள் உறுதி செய்கிறார்கள். அந்த ஆறு மணி நேரமும் என் அக்கா, “மூச்சு விடுறான்டா, கை சூடா இருக்குடா” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது வென்டிலேட்டர் தரும் மூச்சு என்று உடன்பிறந்தவளிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் அவன் தங்கைதான், “ரத்தம் வேணும்னு நடுராத்திரி கூப்பிட்டாலும் ஓடுவானேம்மா, குடுத்துடலாம்” என்றாள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடனாகப் பிறப்பான் என்றார்கள். எவ்வளவு பணம் வாங்கினீர்கள் என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். அவன் சாலையில் கிடந்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, அவன் தங்கையின் போனுக்கே வந்து சேர்ந்தது. கண்ணீர் அஞ்சலி பேனரில் அவன் படத்தைவிட வைத்தவர்களின் படங்கள் பெரிதாக இருந்தன. பிணத்தின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த என் அக்காவிடம் மைக்கை நீட்டி, “இப்போ உங்க மனநிலை என்னம்மா?” என்று கேட்டார் ஒரு தொலைக்காட்சி நிருபர். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம்.

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023-ல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தாரே, அதன்படி அதிகாரிகள் எங்கள் தெருவுக்கு வந்து மலர்வளையம் வைத்து வணங்கினார்கள். பணம் வாங்கினீர்களா என்று கேட்ட வாய்கள் அன்றுதான் அடங்கின. மறுநாள் தங்கள் வரி வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருவர், “வயசுப் பிள்ளைக்கு பைக் வாங்கிக் குடுத்தா இப்படித்தான்” என்று பந்தியிலேயே சொன்னார். வாங்கிக் கொடுத்தவர் அவன் அப்பா. வேலை கிடைத்த சந்தோஷத்தில் வாங்கிக் கொடுத்தார். சோற்றில் வைத்த கையை அப்படியே உதறிவிட்டு எழுந்து போனார் மாமா. இன்றுவரை பந்தியில் உட்காரவில்லை, ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

நஷ்டஈடு கேட்கவில்லை. வழக்குப் போடவும் மாட்டோம். முப்பதாம் நாளுக்கு முன், அதே மாவட்டப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அவன் படத்தையும் போட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் படத்தையும் இணைத்திருக்கிறேன். படத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாய்மாமன்
(பெயர் வெளியிட வேண்டாம்)
விழுப்புரம் மாவட்டம்