இடது பக்கம் படுக்காதே

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்ததை மூன்று பக்கம் எழுதிவிட்டு, கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் ‘சர்க்கரை இறங்கிவிட்டது’ என்று நடுராத்திரியில் செல்போனை அலறவிட்டதையும் நீ எழுந்து ஆறு ஸ்பூன் சர்க்கரையை விழுங்கியதையும் கடைசி இரண்டு வரியில் அடக்கிவிட்டாய். அரை மணி கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 260! எனக்கும் ஒருமுறை இதே கூத்து நடந்ததால் உன்னைத் திட்ட வாய் வரவில்லை.

அன்று இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாயா? சென்சாரை ஒட்டியிருப்பது இடது மேற்கையில்தானே? அதிலிருந்து உள்ளே போகும் மயிரிழை போன்ற கம்பி இரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே ஊறி நிற்கும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. உடம்பின் பாரம் அந்த இடத்தை அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் குறையும், நீரில் சர்க்கரையும் வற்றும். அந்த அரையங்குல இடத்தின் பஞ்சத்தை உடம்பு முழுவதன் பஞ்சம் என்று கருவி அறிவித்துவிடுகிறது. புரண்டு படுத்தால் சற்று நேரத்தில் எண் தானாக ஏறிவிடும்.

சாப்பிட்ட பிறகு குளுக்கோமீட்டரும் இதுவும் சண்டை போடுகின்றன என்கிறாயே, அதற்கும் இந்த நீர்தான் காரணம். இரத்தத்தில் ஏறிய சர்க்கரை அங்கே வந்து சேர 5 முதல் 15 நிமிடம் வரை பிந்தும். எண்ணோடு, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியையும் பார்.

கல்லூரி ஆய்வகத்தில், திரவத்தில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மின்முனையோடு நாம் மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? குமிழி இல்லாமல் சவ்வை மாட்டவே அரை நாள் போய்விடும். அது லேலண்ட் கிளார்க் கண்டுபிடித்தது. 1962இல் அவரும் லயன்ஸ் என்பவரும் அதே மின்முனையின் முன்னால் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை வைக்கும் யோசனையை வெளியிட்டார்கள். நொதி குளுக்கோஸைத் தின்னும்போது ஆக்சிஜன் செலவாகும். செலவை அளந்தால் சர்க்கரை தெரிந்துவிடும். உன் கையில் ஒட்டியிருப்பதும் அந்த வம்சம்தான். அன்று நம்மைத் திணறடித்தது இன்று உன் சட்டைக் கைக்குள் ஒளிந்திருக்கிறது!

விலைதான் கொஞ்சமும் கட்டுப்படியாகவில்லை. 14 நாளில் கழற்றி எறிய வேண்டிய ஒன்றை என் ஓய்வூதியத்தில் மாதம் இரண்டு வாங்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை ஒட்டிக்கொள்கிறேன். அதிலேயே ஒன்று பிடிபட்டது: ஊரே சிபாரிசு செய்யும் கேழ்வரகுக் கூழ், எனக்கு இட்லியைவிட மேலே ஏற்றுகிறது. என் மனைவி இன்னும் நம்பவில்லை.

நீ இன்சுலின் போடுபவன், அலாரத்தை அணைத்துவிடாதே. வியர்வை, நடுக்கம் இருந்தால் யோசிக்காமல் சர்க்கரையைச் சாப்பிடு. ஒன்றும் இல்லையென்றால் முதலில் விரலில் குத்திப் பார். குளுக்கோமீட்டர் தலைமாட்டில் இருக்கட்டும். அடுத்த சென்சாரை வலக்கையில் ஒட்டச் சொல்.

ஆவணியில் அங்கே வருகிறேன். அதற்குள் இன்னொரு பல்லும் வந்திருக்கும்.

அன்புடன்,
வேலு