பட்டறை அண்ணாச்சிமாருக்கு: விலை சொல்லும் முன் யூனிட் கணக்கைக் கேளுங்கள்

திருநெல்வேலிச் சீமையில் வேனுக்குள் வீடு கட்டித் தரும் பட்டறை அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

பழைய வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் குளிர்பெட்டியும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஆசை நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படி ஒரு வண்டி கட்டினோம். தச்சு வேலையில் குறை சொல்ல இடமே இல்லை. மின்சாரத்தில்தான் தவறிவிட்டோம். எந்தப் பட்டறை என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இதே தவற்றைப் பல வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

முதல் பயணம் உவரிக்கு. சித்திரை வெக்கை. இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கு இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. மின்விசிறி நின்றது, குளிர்பெட்டியும் நின்றது. அதற்குள் என் அத்தையின் இன்சுலின் இருந்தது. விடிந்ததும் தொட்டுப் பார்த்தேன். மருந்துப் பெட்டி வெதுவெதுவென்று இருந்தது. அதை அவருக்குப் போட எனக்குத் துணிவு வரவில்லை. திசையன்விளைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தோம்.

கட்டிலுக்கடியில், வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் வகைப் பேட்டரிகள் இரண்டு இருந்தன; ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. மூன்றரை யூனிட் இருக்கிறது, இரண்டு நாளுக்குத் தாராளம் என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அந்தவகைப் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரமே செத்துப்போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஆக, கைக்கு வருவது 1.8 யூனிட்தான். எங்கள் வண்டியில் இருந்த 75 வாட் மின்விசிறிகள் இரண்டும் பத்து மணி நேரம் ஓடினாலே ஒன்றரை யூனிட் தீர்ந்துவிடும். போதாததற்கு, வீட்டுக் குளிர்பெட்டி வேறு. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனையும் வெளிவிடும். அதற்கு மேலேதான் அத்தை படுத்திருந்தார்.

முறையிட்டபோது கிடைத்த தீர்வு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். வண்டியின் பின்புறம் பெட்டி அடித்து அதற்குள் வைத்துத் தந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. செய்தி படித்த அன்றே என் கணவர் ஜெனரேட்டரை இறக்கிவிட்டார். அதற்குப் பின்தான் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கைத்தான் நீங்கள் விலை சொல்லும் முன் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்க வேண்டும் என்கிறேன். எங்களுடையது இது: குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறிகள் இரண்டு, பத்து மணி நேரத்துக்கு 0.6 யூனிட். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் சிறிய குளிர்பெட்டிக்கு, நம் வெயிலில், 0.7. விளக்கு, கைபேசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து கால் யூனிட். சட்னி அரைக்க மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 0.1. வழியில் வீணாவதையும் கூட்டி நாளொன்றுக்கு இரண்டு யூனிட் என்று வைத்துக்கொண்டேன். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் மாற்றியதில்தான் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இரண்டு யூனிட்டை நம் சீமையில் வெயிலே தந்துவிடும். ஒரு கிலோவாட் சோலார் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும் என்பது பொதுக்கணக்கு. 540 வாட் எங்களுக்குப் போதும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், 9 பாகைக்குள் இருக்கிறோம். சித்திரை பிறப்பையொட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அதனால் கூரையில் தகட்டைப் படுக்கையாகப் பதித்தாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் தகரத்தோடு ஒட்டிப் பதிக்காதீர்கள். தகடு 25 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு மின்சாரம் குறைகிறது. நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும். கூரைக்கும் நிழல் கிடைக்கும்.

நிழல் என்றதும் எங்கள் வீட்டில் நடந்த சண்டை நினைவுக்கு வருகிறது. புளியமரத்தைக் கண்டால் அதன் அடியில் வண்டியை நிறுத்துவது நம் ஊர்க்காரர்களின் பிறவிக்குணம். என் கணவரும் அப்படித்தான். தகட்டின் ஓரத்தில் ஒரு கிளை நிழல் விழுந்தாலே மின்சாரம் சரிந்துவிடும். அத்தைக்கோ நிழல் வேண்டும். முடிவில் 100 வாட் தகடு ஒன்றைத் தனியாக, பத்து மீட்டர் ஒயரோடு வைத்துக்கொண்டோம். வண்டி மரத்தடியில் நிற்கும், அந்தத் தகடு வெயிலில் சாய்ந்திருக்கும். கூரைத் தகட்டுக்கு ஈடாகாது. ஆனால் குளிர்பெட்டிக்கு அதுவே பெரும்பகுதியைத் தந்துவிடும். நீங்கள் கட்டும் வண்டிகளில் அதற்கு ஒரு சாக்கெட்டை வெளிப்பக்கம் வைத்துக் கொடுங்கள்.

பணகுடியிலும் ராதாபுரத்திலும் நிறுத்தினால் கேட்காதவர் கிடையாது: இத்தனை காற்றாலை சுற்றுகிற ஊரில் வண்டி மேல் ஒன்று வைத்தால் என்ன? ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றில் நிற்கும்போது எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அந்தப் பெரிய காற்றாலைகள் பனைக்கு எவ்வளவோ மேலே, தடையில்லாத காற்றில் சுற்றுகின்றன. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாடி, தரையோடு வரும் மெல்லிய காற்றில் ஒரு விளக்கு எரியுமளவுக்குத்தான் தரும். அதற்காகக் கூரையில் கம்பம் நட்டு, இரவெல்லாம் அதிர்வைத் தாங்க வேண்டாம்.

குற்றாலச் சாரல்தான் உண்மையான சோதனை. ஆனி, ஆடியில் அங்கே மூன்று நாள் சூரியனைப் பார்க்காமல் இருக்கலாம். அதற்கு ஜெனரேட்டர் வேண்டாம். ஓடுகிற வண்டியே சார்ஜ் செய்யும். என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையில், மின்சாரத்தை அளவோடு விடும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வைத்தால், நெல்லையிலிருந்து குற்றாலம் போகும் ஒன்றரை மணி நேரத்தில் அரை யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். அந்தச் சார்ஜர் இல்லாமல் ஆல்டர்னேட்டரையும் லித்தியம் பேட்டரியையும் நேராக இணைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி அளவில்லாமல் இழுக்கும், ஆல்டர்னேட்டர் கருகிப்போகும்.

இப்போது எங்களிடம் இருப்பது 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. சுமார் 25 கிலோ. இரண்டரை யூனிட்டில் பெரும்பகுதியைத் தயக்கமின்றி எடுக்கலாம். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். குளிர்நாடுகளில் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பார்கள். நமக்கு எதிரி வெக்கை. 45 டிகிரிக்கு மேல் அதன் ஆயுள் கரையும். எனவே சைலன்சர் பக்கமோ, வெயில் தாக்கும் தகரத்தை ஒட்டியோ வைக்காதீர்கள்.

ஒயர் விஷயத்தில் மட்டும் கோபமாகவே சொல்கிறேன். 2000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எங்கள் வண்டியில் இருந்ததோ வீட்டுக்கு இழுக்கும் ஒயர். தொட்டால் சுட்டது. கட்டைவிரல் தடிமனில் செம்பு ஒயரும், பேட்டரியை ஒட்டியே ஒரு பியூஸும் இல்லாமல் எந்த வண்டியையும் வெளியே விடாதீர்கள்.

ஏசி கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இரவு முழுதும் ஏசி ஓடினால் ஐந்தாறு யூனிட் வேண்டும். அத்தனைத் தகட்டுக்கு வேன் கூரையில் இடமில்லை. அவர்கள் மின் இணைப்புத் தரும் விடுதி வளாகத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். சமையலுக்கு எரிவாயு அடுப்பே போதும். வண்டியின் அமைப்பை மாற்ற, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கூரைத் தகட்டையும் ஒப்புதலுக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

என் நாத்தனார் வீட்டு வேன் இந்த மாதம் உங்களில் ஒருவர் பட்டறைக்கு வருகிறது. பிள்ளைகள் இருவரும் பின்கட்டிலில்தான் படுப்பார்கள். அதன் பின்புறத்தில் ஜெனரேட்டர் பெட்டி அடிக்க வேண்டாம், அண்ணாச்சி. கட்டில் தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள். அடுத்து நிற்கும் வண்டி எதை வைத்திருக்கிறதோ யாருக்குத் தெரியும். யூனிட் கணக்கை நானே எழுதி அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை ஒருத்தி